பத்தியில் வந்த ஆள்

டன்காரி
6 மார்ச் 1994

அன்புத் தம்பி பெவனுக்கு அக்கா நோலீன் எழுதுவது. இங்கே நானும் கீத்தும் சுகம், ஆடுகளும் சுகம். மழைதான் எங்களை மறந்துவிட்டது. அடிலெய்டில் வெயில் தணிந்ததா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை உங்கள் கம்பளிக் கிடங்கு கேண்டீனில் விற்கிற காய்ந்த சாண்ட்விச்தான் கதியா?

ஒரு நல்ல செய்தி. போன வாரம் மெர்வ் வந்திருந்தார். ஊர் விவசாயக் கண்காட்சிக் குழுவுக்கு இந்த வருஷமும் அவர்தான் செயலாளர். அந்தத் தலைவலியை வேறு யார் விலைக்கு வாங்குவார்கள்? இரண்டு கோப்பை டீ குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"நோலீன், அக்டோபர் கண்காட்சியில ரோமப் போட்டிக்கு உன் தம்பியை நடுவரா கூப்பிடலாமான்னு பாக்குறோம். வெளியூர்லேருந்து வர்றவனாவும் இருக்கணும், நம்ம மண்ணு தெரிஞ்சவனாவும் இருக்கணும். அவனை விட்டா யாரு?"

எனக்குக் காலே தரையில் பாவவில்லை. அரங்கத்தில் மேசை மேசையாக, ஆட்டிலிருந்து கத்தரித்த முழு ரோமங்களை விரித்து வைத்து, நடுவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும்போது ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்குமே! அந்த இடத்தில் நம் பெவன்!

உன்னால் முடியுமா, ராசா? முடியாவிட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடு, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முடியும் என்றால் நம் வாரப் பத்திரிகையில் என் ஊர்ச்செய்திப் பத்தியில் போட்டுவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்பு அக்கா,
நோலீன்


அடிலெய்டு
19 மார்ச் 1994

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் பெவனின் வணக்கம். நான் நலம். சாண்ட்விச் அவ்வளவு மோசமில்லை. உங்கள் பக்கம் சீக்கிரம் மழை பெய்யட்டும்.

மெர்வின் கடிதம் உன் கடிதத்துக்கு முந்தியே வந்துவிட்டது. வருகிறேன் என்று அன்றே பதில் போட்டுவிட்டேன். எதற்கும் இவ்வளவு அவசரமாகப் பதில் போட்டதில்லை. பதினைந்து வயதில் அதே அரங்கத்தில் தரை பெருக்கினேன், ஞாபகமிருக்கிறதா? நடுவர் உள்ளே இருக்கும்போது தும்மினேன் என்று என்னை வெளியே துரத்தினார்கள். இப்போது நான் உள்ளே இருப்பேன், மற்றவர்கள் தும்மாமல் இருக்கட்டும்.

மேசையைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும், வாசல் படியில் ஒரு சாய்தளம் போட வேண்டும். இவை இரண்டையும் மெர்வுக்கு எழுதியிருக்கிறேன். வேறொன்றும் தேவையில்லை. கம்பளித் தரம் பார்ப்பது இங்கே தினமும் செய்கிற வேலைதானே.

பத்தியில் தாராளமாகப் போடு. என் வயதை மட்டும் போடாதே.

அன்புடன்,
பெவன்


டன்காரி
20 ஏப்ரல் 1994

என் அருமைத் தம்பிக்கு ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம். கீத்துக்கு மட்டும் முதுகுப் பிடிப்பு. நீ நலம்தானே?

பத்தி வந்துவிட்டது! வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். தொலைந்துபோனாலும் போகலாம் என்று இங்கேயும் எழுதிவிடுகிறேன்:

"ஆறு ஆண்டுகளுக்கு முன் கம்பளிப் பொதிகள் சரிந்து விழுந்த கொடிய விபத்தில் முடமாகி, சக்கர நாற்காலியில் சிறைப்பட்டு, ஓயாத வேதனையிலும் புன்னகை மாறாத நம் ஊர்ப் பிள்ளை பெவன், தன் ஊனத்தையும் பொருட்படுத்தாமல் அக்டோபரில் நம்மிடையே வருகிறார். அந்தத் துணிவுள்ள உள்ளத்துக்கு இந்தப் பத்தி தலைவணங்குகிறது."

எப்படி? இறைச்சிக் கடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் எனக்கு நாலு சாப்ஸ் அதிகமாகவே போட்டார். இத்தனை வருஷத்தில் என் பத்தியைப் படித்து யாரும் அழுததில்லை. பாதிரியார்கூட உனக்காக ஜெபம் சொன்னார்.

பதில் எழுது, ராசா. சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அக்கா நோலீன்


டன்காரி
12 ஜூன் 1994

அன்புத் தம்பிக்கு. உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லையே, உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா? இங்கே குளிர் வந்துவிட்டது, ஆடுகள் குட்டி போட ஆரம்பித்துவிட்டன. ராத்திரி பகல் பாராமல் கீத் மேய்ச்சலில்தான் இருக்கிறார்.

இன்னொரு நல்ல செய்தி. என் பத்தியைப் படித்துக் குழுவில் எல்லோரும் உருகிப்போனார்களாம். உனக்குச் சிரமம் வேண்டாம் என்று ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தெருவில் பார்த்தபோது மெர்வே சொன்னார்.

"பாவம்மா, ஒவ்வொரு மேசையா சுத்தி வரணும், குனியணும், இழுக்கணும். அவனுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்? வேற நடுவரைப் பாத்துக்குறோம். இவனைப் பூ அலங்காரம் பண்ணின பிக்கப் வண்டியில ஏத்தி, மைதானத்தைச் சுத்தி ஊர்வலமா கூட்டிட்டு வர்றோம். ஜெயிச்சவங்களுக்கு ரிப்பன் குத்தட்டும். ஊரே எழுந்து நின்னு கை தட்டும்!"

எவ்வளவு பெரிய மரியாதை, பார்! அந்த ஊர்வலத்தில் பரிசு வாங்கிய காளைகளும் கடாக்களும்தான் வழக்கமாகப் போகும். மனிதர்களில் உனக்குத்தான் முதல் இடம். வண்டிக்கு என்ன நிறப் பூ வேண்டும் என்று கேட்டார். உனக்குப் பிடித்த மஞ்சளைச் சொல்லிவிட்டேன்.

எழுது. பதில் வராமல் மனசு அடித்துக்கொள்கிறது.

அக்கா


அடிலெய்டு
20 ஜூன் 1994

அக்காவுக்கு வணக்கம். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அத்தானின் முதுகுக்குச் சூடான ஒத்தடம் கொடு.

பத்தி வந்த அன்றே படித்தேன், மடித்து வைத்துவிட்டேன். அக்கா ஆசையாக எழுதியிருக்கிறாள், விட்டுத்தள்ளு என்று நினைத்தேன். இப்போது மெர்வின் கடிதமும் வந்துவிட்டது. இனி பேசாமல் இருந்தால் எனக்கு மஞ்சள் பூ சுற்றிவிடுவீர்கள்.

பத்தியில் வருகிற அந்த ஆளை எனக்குத் தெரியாது, அக்கா. சிறைப்பட்டவன் என்கிறாய். இந்த நாற்காலி இல்லாவிட்டால்தான் எனக்குச் சிறை. இதில்தான் வேலைக்குப் போகிறேன், சந்தைக்குப் போகிறேன், சனிக்கிழமை கால்பந்து பார்க்கப் போகிறேன். ஓயாத வேதனை என்கிறாய். இந்த வருஷம் எங்கள் அணி ஆடுகிற ஆட்டத்தைத் தவிர எனக்கு வேறு ஓயாத வேதனை இல்லை. புன்னகை மாறாதவனாம்! இங்கே தராசுப் பிரிவில் போய்க் கேட்டுப் பார், என் முகத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று. இருபது வருஷமாகக் கம்பளி பார்க்கிறேனே, அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மெர்வின் மேல் எனக்குக் கோபமில்லை. நீ எழுதிய ஆளை நானும் நடுவராகக் கூப்பிட மாட்டேன். கம்பளி போர்த்திக் கஞ்சி கொடுத்துப் படுக்க வைப்பேன்.

நீ கடைசியாக என்னைப் பார்த்தது எங்கே? ஆஸ்பத்திரிக் கட்டிலில். நீ அவனைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய். அவன் அந்தக் கட்டிலைக் காலி செய்து வெகு காலமாகிறது.

எனக்கு அந்த நடுவர் வேலை வேண்டும். அதற்குக் கூப்பிட்டால் வருகிறேன். கடாக்களோடு ஊர்வலம் போக வரமாட்டேன்.

பெவன்


டன்காரி
4 ஜூலை 1994

தம்பிக்கு. சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் என்ன திட்டியா எழுதிவிட்டேன்? நாலு பேர் உன்னைப் பற்றி நல்லபடியாக நினைக்கட்டும் என்றுதானே எழுதினேன்! பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டது. நீயே இப்படிச் சொன்னால் நான் எங்கே போய் முட்டிக்கொள்ள?

கீத்திடம் நியாயம் கேட்டேன். அந்த மனுஷன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொல்கிறார்: "நீ எழுதினதைப் படிச்சப்ப, அக்டோபர் வரைக்கும் அவன் உசுரோட இருப்பானான்னே எனக்குச் சந்தேகம் வந்துச்சு." "அதை ஏன் அப்பவே சொல்லலை?" என்றேன். "நீ அழுதுக்கிட்டே எழுதினே. நடுவுல எப்படிப் பேசுறது?" என்றார். இவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அடிலெய்டுக்கு வரக்கூடாது என்றில்லை. ஒரு வருஷம் குட்டி போடும் சமயம், ஒரு வருஷம் வெள்ளம். கார் வேறு பழசு. உனக்குத் தெரியாததா?

எப்படித்தான் எழுத வேண்டும் என்று நீயே சொல். எதைச் சொன்னாலும் குற்றம் என்றால் இனி ஆடுமாடுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அவை திருப்பிக் கடிதம் போடாது.

நோலீன்


அடிலெய்டு
15 ஜூலை 1994

அன்புள்ள அக்காவுக்கு. நான் நலம். அங்கே குட்டிகளும் நலமென்று நம்புகிறேன். அத்தான் சொன்னதைப் படித்துவிட்டு நாற்காலி குலுங்கச் சிரித்தேன். அவரிடம் சொல்லிவிடு.

நீ கெட்டது எழுதவில்லை. அழுவதற்கென்றே ஓர் ஆளை எழுதினாய், அவ்வளவுதான். மெர்வ் பொய்ப்பல் கட்டியிருக்கிறார். 'பொய்ப்பல்லில் சிறைப்பட்டும் புன்னகை மாறாத செயலாளர்' என்று எழுதுவாயா? அவர் கோலை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அவரைச் செயலாளர் என்றுதானே எழுதுகிறாய்? என்னையும் அப்படியே எழுது. முதலில் ஆள், அவன் செய்கிற வேலை. நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டிய அவசியம் வந்தால் மட்டும், சக்கர நாற்காலி பயன்படுத்துகிறான் என்று அலங்காரம் இல்லாமல் சொல். கால் நடக்காது என்று எழுதினால் எனக்கு வருத்தமில்லை, உண்மைதானே. அதற்கு மேல் எனக்காக நீ அழுவதை அச்சில் போடாதே.

எல்லோருக்கும் இதுவே சரி என்று நினைத்துவிடாதே. எங்கள் கிடங்கில் டெனிஸ் என்று ஒரு பெண், காது கேட்காது, கையால் பேசுவாள். ஒருமுறை மேலாளர் அவளைப் பற்றி எழுதும்போது 'செவித்திறன் குறைபாடு உடைய ஊழியர்' என்று மிகவும் மரியாதையாக எழுதினார். அவள் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, "எனக்குக் குறை ஒண்ணும் இல்ல. காது கேளாதவள்னே போடு, நாங்க அப்படித்தான் எங்களைச் சொல்லிக்குவோம்" என்று எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு அது பெருமை. யாரைப் பற்றி எழுதினாலும் அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். நான் இங்கேயேதானே இருக்கிறேன்?

கார் பழசுதான். தெரியும். நான் புதுசாகத்தான் இருக்கிறேன்.

பெவன்


டன்காரி
28 ஆகஸ்ட் 1994

அன்புத் தம்பிக்கு. இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கையில் ஏதாவது வைத்துக்கொண்டு எழுதலாம் என்றிருந்தேன். இங்கே கடைசியில் மழை பெய்தது. உன் நலம் அறிய ஆவல்.

செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டத்துக்குப் போனேன். நான் குழுவில் இல்லை. ஆனால் கையில் லாமிங்டன் கேக் தட்டோடு போனால் யார் தடுப்பார்கள்? எல்லோரும் வாயில் போட்டுக்கொண்டதும் எழுந்து நின்று, பெவன்தான் நடுவராக இருக்க வேண்டும், வண்டியும் பூவும் வேண்டாம் என்றேன்.

மெர்வுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன நோலீன், அவன் வேதனையில இருக்கான்னு நீதானே எழுதினே?"

"நான்தான் எழுதினேன். அவனைக் கேக்காம, என் மனசுல இருந்ததை எழுதிட்டேன். தப்பு என்னோடது. அவன் தினமும் கிடங்குல கம்பளி பாக்குறான், மெர்வ். நீங்க பாக்குறதைவிட அதிகமா பாக்குறான்."

"அதுக்கில்லம்மா. நாள் முழுக்கன்னா களைச்சிடுவானே?"

மூலையிலிருந்து கீத் பேசினார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. "களைச்சா டீ குடிப்பான். போன வருஷ நடுவர் ரெண்டு காலும் நல்லா இருந்தவர்தான். மத்தியானமே பீர் குடிச்சிட்டுத் தூங்கிட்டார். யாரும் அவரை வண்டியில ஏத்தலையே?"

ஒரே சிரிப்பு. வேறு யாருக்கோ எழுதிப் போட்டிருந்தார்களாம், நல்லவேளையாக அவர் வரமுடியாது என்று சொல்லிவிட்டார். ஆக, நீதான் நடுவர். கை தூக்கியாகிவிட்டது. மெர்வும் தூக்கினார், கொஞ்சம் மெதுவாக.

இந்த வாரப் பத்தியில் இப்படிப் போடப்போகிறேன். அச்சுக்குப் போகும் முன் உன்னைக் கேட்கிறேன்:

"இந்த ஆண்டு ரோமப் போட்டியின் நடுவர் அடிலெய்டைச் சேர்ந்த பெவன் பிரிட்சார்ட். கம்பளித் தரம் பிரிப்பதில் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர். அவர் சக்கர நாற்காலி பயன்படுத்துவதால் அரங்க வாசலில் சாய்தளம் போடப்படுகிறது. பலகை கொடுக்க விரும்புவோர் கீத்திடம் சொல்லவும்."

எனக்கு இது கஞ்சி போட்டு வெளுத்த சட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது. 'சிரித்த முகம்' என்றாவது ஒரு சொல் சேர்க்கட்டுமா?

அக்கா நோலீன்


அடிலெய்டு
3 செப்டம்பர் 1994

அன்புள்ள அக்காவுக்கு. நலம். மழை செய்தி கேட்டு மகிழ்ச்சி.

அப்படியே போடு. சிரித்த முகம் வேண்டாம். கண்காட்சி அன்று என் முகத்தைப் பார்த்தால் நீயே ஒத்துக்கொள்வாய்.

நீ லாமிங்டன் தட்டோடு எழுந்து நின்றதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ரோமங்களில் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. நீயும் அத்தானும் போட்டிக்குப் போடுகிறீர்களா என்று எனக்குச் சொல்லக்கூடாது. நான் உள்ளே இருக்கும்போது நீ அரங்கத்துப் பக்கமே வரக்கூடாது. அக்கா என்றாலும் துரத்திவிடுவேன்.

பெவன்


டன்காரி
19 அக்டோபர் 1994

நடுவர் அவர்களுக்கு, சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்பு சுகம், மானம்தான் போய்விட்டது.

'இழை வலுவில்லை. இலையுதிர் காலத்தில் ஆடு பட்டினி கிடந்திருக்கிறது.' எங்கள் பதினேழாம் எண் ரோமத்தின் அட்டையில் இப்படியா எழுதுவாய்? ஊர் முழுக்க வரிசையில் நின்று படித்தது! மழையில்லாத நாளில் நானும் கீத்தும் மூட்டை மூட்டையாகத் தீவனம் கொட்டியது எங்களுக்குத் தெரியும். கடைசி இடம்கூட இல்லை, பட்டியலிலேயே இல்லை. உன் காலைக் கழுவிவிட்டவள் நான், பெவன். நீ நடைபழகும்போது விழுந்தால் தூக்கியவள் நான்.

கீத்தைக் கேட்டால், "அது பட்டினிதான் கிடந்துச்சு. மார்ச்ல, இலை உதிர ஆரம்பிச்சப்பவே நானே சொன்னேன்" என்கிறார். அவரோடு நான் பேசுவதில்லை.

மெர்வ் மட்டும் விட்டாரா? தன் ரோமத்துக்கு இரண்டாம் பரிசு கொடுத்தாய் என்று பப் வாசலில் நின்று கத்தினாரே, "உனக்குக் கண்ணு எங்கடா இருக்கு? அப்படி ஒரு ரோமத்தை உன் ஜென்மத்துல தொட்டிருக்கியா?" என்று! நீயும் விடவில்லை. "தொட்டேன், அதான் ரெண்டாவது" என்றாய். தெருவே கேட்டது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. நான் அரங்கத்துக்குள் வரவில்லை. ஆனால் எதிரே ஸ்கோன் ரொட்டி விற்கிற மேசையில் இருந்தேன், கதவு திறந்துதான் கிடந்தது. நீ ஒரு கொத்தைப் பிரித்து, இரண்டு முனையையும் பிடித்து, இழை அறுகிற சத்தம் கேட்கிறதா என்று காதருகே வைத்துச் சுண்டிப் பார்த்தாய். முகம் கடுகடு என்று இருந்தது. சின்ன வயதில் கணக்குப் போடும்போது இருக்குமே, அதே முகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்மேல் இரக்கப்பட்டு இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபிறகு இன்னொரு தடவை உன்னைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, பெவன். அந்தப் பயத்தில் இந்த முகத்தை இத்தனை வருஷம் இழந்துவிட்டேனே என்றுதான் அழுதேன்.

அதனால் அட்டையில் எழுதியதை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. இந்த வாரப் பத்தியைப் பார்த்துக்கொள். இந்தத் தடவை உன்னைக் கேட்கவில்லை:

"ரோமப் போட்டியில் நடுவர் பெவன் பிரிட்சார்ட் கஞ்சத்தனமாக மதிப்பெண் போட்டார். பிடிவாதக்காரர். நாக்கில் தேன் தடவாதவர். இவரை மீண்டும் அழைக்கலாமா என்று குழு நன்றாக யோசிக்க வேண்டும் என்பது தோற்றவர்கள் பலரின் கருத்து. இந்தப் பத்தி எழுதுபவரும் அவர்களில் ஒருவர்."

கோபத்துடன்,
உன் அக்கா


அடிலெய்டு
27 அக்டோபர் 1994

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நான் மிகவும் நலம்.

பத்தியைக் கேண்டீனில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். டெனிஸ் அதை வாங்கித் தராசுக்கு மேலே ஒட்டிவிட்டாள். 'நாக்கில் தேன் தடவாதவர்' என்பது மிகவும் சரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ஆளை அவர்களுக்கு நன்றாகத் தெரியுமாம்.

விபத்துக்குப் பிறகு நம் ஊர்க்காரர்கள் யாரும் என்னிடம் குரலை உயர்த்திப் பேசியதில்லை. தொலைபேசியில்கூட, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் நின்று பேசுவதுபோலத்தான் பேசுவார்கள். அன்று பப் வாசலில் மெர்வ் அந்தப் பொய்ப்பல் தெறிக்கக் கத்தினார், பார். ரயிலில் வரும்போது அதை நினைத்து நினைத்து எனக்குச் சிரிப்பு. நிஜமாகவே நம் ஊருக்கு வந்துவிட்டுப் போகிறேன் என்று அப்போதுதான் தோன்றியது.

பதினேழாம் எண் யாருடையது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். ரோமம் மோசம், அக்கா. அந்த ஆட்டுக்கு அடுத்த வருஷமாவது சோறு போடு.

இங்கே அறை இருக்கிறது, கட்டில் இருக்கிறது. கோபம் ஆறியதும் அத்தானோடு கிளம்பி வா. ஆறாவிட்டாலும் வா, இங்கே வந்து திட்டு.

உன் தம்பி,
பெவன்